நான்கு நூல்நிலையம், ஒரே பட்டியல்: ஊர்ப் புத்தகங்களைச் சேர்ந்து காப்பாற்றுவது எப்படி?

எங்கள் வட்டாரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பழைய நூல்நிலையங்கள் இருக்கின்றன. 1930களில் வந்த ஒரு மாதப் பத்திரிகையின் மூன்று வருடத் தொகுப்பை இரண்டுமே சொந்தச் செலவில் ஸ்கேன் செய்து வைத்திருந்தன. அதே பத்திரிகை, அதே மூன்று வருடம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அதற்கு அடுத்த இரண்டு வருடத் தொகுப்பு மூன்றாவது ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மரப் பீரோவில் இருந்தது. நாங்கள் போய்த் திறந்தபோது கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். வெளியே பார்த்தால் முதுகில் தங்க எழுத்தோடு நன்றாகத்தான் நிற்கிறது, கையில் எடுத்தால் உள்ளேயிருந்து மண் கொட்டுகிறது, அட்டை மட்டும் கையில் நிற்கிறது. மேல்தட்டில் இருந்ததால் ஒரு வருடத் தொகுப்பு தப்பியது.

பணம் செலவழிக்க ஆள் இருந்தது, உழைக்க ஆள் இருந்தது, அக்கறையும் இருந்தது. மூன்று இடத்தாரும் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஸ்கேன் செலவில் பாதியை வைத்தே பீரோவைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் நான்கு இடங்கள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சிறிய நூல்நிலையம், தமிழ்ச் சங்கம், மடம், பழைய பள்ளி, வீட்டுச் சேகரிப்பு என்று எதையாவது பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இது. பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரு சாவிக்கொத்தும் இரண்டு மின்விசிறியும்தான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது

நான்கு அல்லது ஐந்து இடங்கள் போதும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் மழையில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று கூப்பிட்டால் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான் கூட்டாளி. நூல்நிலையங்களை மட்டும் நினைக்காதீர்கள். ஊரில் ஒரு காலத்தில் அச்சகம் நடத்திய குடும்பம், நூறு வயதைத் தாண்டிய பள்ளிக்கூடம், கோயில் அலுவலகம், தேவாலயம், தர்கா, கூட்டுறவுச் சங்கம், பழைய வக்கீல் வீடு, இங்கெல்லாம் இருக்கும் காகிதம் வேறு எங்கேயும் இருக்காது.

முதல் சந்திப்பில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மனத்தில் ஒரே ஒரு பயம்தான் ஓடிக்கொண்டிருக்கும்: “பேச வந்தவர்கள் கடைசியில் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ?” அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் வாங்கிப்போன கட்டு திரும்பி வராத கதை எல்லாப் பழைய வீட்டிலும் ஒன்று உண்டு. அதனால் வணக்கம் சொன்ன கையோடு இதைச் சொல்லிவிடுங்கள்: ஒரு புத்தகமும் இருக்கும் இடத்தைவிட்டு நகராது, உரிமை முழுக்க உங்களுடையது, நாங்கள் கேட்பது பட்டியல் மட்டும்.

இந்த வழக்கத்துக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பு, 1992 இல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் காப்பாற்றப்பட்டது. ஆனால் புத்தகங்கள் கப்பலேறிப் போய்விடவில்லை. 1994 இல் சென்னையில் அதற்கென்றே ஆராய்ச்சி நூலகம் அமைத்து இங்கேயே வைத்துக்கொண்டு மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதியும் படச்சுருள்) எடுத்தார்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்திலும் இதே ஏற்பாடுதான்: மூலம் அந்த நாட்டிலேயே இருக்கும், படி மட்டும் வெளியே போகும். இந்த இரண்டையும் சொன்னால் பாதிப் பேருக்குத் தோள் கொஞ்சம் தளர்வது கண்ணால் தெரியும்.

அறக்கட்டளை பதிவு செய்வோம், தலைவர் செயலாளர் போடுவோம் என்று முதல் நாளே இறங்க வேண்டாம். பதவி பற்றிய பேச்சு வந்தால் புத்தகத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிடும்.

பட்டியல்தான் முதல் வேலை, அதில்தான் அதிக நாள் போகும்

எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு கூகுள் ஷீட். தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்தவர், அச்சகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, பக்கம், எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பீரோ எந்தத் தட்டு, நிலைமை. இவ்வளவு போதும். நூலகவியல் படித்தவர் ஒருவர் இருந்தால் இன்னும் பத்துப் பத்தி சேர்க்கச் சொல்வார், அன்போடு மறுத்துவிடுங்கள். பத்தி கூடக் கூட வேலை பாதியில் நிற்கும் வாய்ப்பும் கூடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்புப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து இணைப்பதை மட்டும் விடவே கூடாது. தட்டச்சில் பிழை இருந்தால் படம் காட்டிக்கொடுக்கும்.

ஆண்டு விஷயத்தில் நிறையப் பேர் வழுக்குவார்கள். பழைய நூல்களில் ‘பிரபவ வருஷம் தை மாசம்’ என்று மட்டும் இருக்கும். பிரபவ என்பது 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம், 1987-88 ஆகவும் இருக்கலாம். அறுபது வருடச் சுற்று அது. அச்சகத்தின் பெயர், எழுத்துரு, காகிதம், விலை அணாவிலா ரூபாயிலா என்பதையெல்லாம் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று சொல்ல முடியும். உறுதியாகத் தெரியாவிட்டால் வருடப் பெயரை அப்படியே எழுதிவிட்டு ஆங்கில ஆண்டைக் காலியாக விடுங்கள். தமிழ் எண்ணில் ௲௮௱௯௰௨ என்று போட்டிருந்தால் அது 1892. தட்டச்சு செய்யும் பிள்ளைகளுக்கு ஆயிரம், நூறு, பத்துக்கான குறிகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் யாரையும் கேட்காமல் அவர்களே படித்துவிடுவார்கள்.

ஆசிரியர் பெயரை ஒருவர் ‘சாமிநாதையர்’ என்று போடுவார், இன்னொருவர் ‘சுவாமிநாத ஐயர்’ என்பார், மூன்றாமவர் உ.வே.சா. என்று முடித்துவிடுவார். ஒரே நூல் மூன்று நூலாகத் தெரியும். எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுத ஒரு சின்னப் பெயர்ப்பட்டியலை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். பத்திரிகை என்றால் மலர், இதழ், மாதம், ஆண்டு நான்கும் தனித்தனியாக வேண்டும், ‘சில இதழ்கள் உள்ளன’ என்று எழுதினால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. இருக்கும் இதழைப் போலவே இல்லாத இதழுக்கும் ஒரு வரி திறந்து காலியாக வைத்துவிடுங்கள். அந்தக் காலி வரியை நான் பின்னால் மறுபடி சொல்வேன்.

நான்கு பட்டியலும் ஒன்று சேர்ந்த பிறகு வெளியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரோஜா முத்தையா நூலகத்தின் அட்டவணை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம். 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும், அதனால் அங்கும் தேட வேண்டும். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காகப் பிரதியும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சிற்றூரில் அச்சான கும்மிப்பாட்டும் தலபுராணமும் சாதிச் சங்க மாநாட்டு அறிக்கையும் யாருக்கும் அனுப்பப்படாமலே போனவை ஏராளம்.

மூலையைத் தொட்டுப் பாருங்கள்

நிலைமை என்ற பத்தியில் எழுத ஒரு எளிய சோதனை. ஓரமாக, எழுத்தே இல்லாத கீழ்மூலையில், நகக்கண் அளவுக்கு மெல்ல மடியுங்கள், விரியுங்கள், பின்பக்கம் மடியுங்கள். நல்ல காகிதம் இதைப் பலமுறை தாங்கும். ஒரு மடிப்பிலோ இரண்டு மடிப்பிலோ அப்பளம் மாதிரி ஒடிந்து கையில் வந்தால் அந்தப் புத்தகத்தை யாருக்கும் படிக்கக் கொடுக்கக் கூடாது. அரிய நூலில் இந்தச் சோதனையே வேண்டாம், பக்கத்தைப் புரட்டும்போது எழும் சத்தமும் மேசையில் உதிரும் பழுப்புத் துகளுமே போதுமான சாட்சி.

இப்படி ஒடிவதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில், படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்துக் காகிதம் செய்ய ஆரம்பித்தார்கள். அதிலிருக்கும் அமிலம் உள்ளேயிருந்தே நாரை அறுத்துக்கொண்டே இருக்கும், வெயிலும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. கந்தைத் துணிக் காகிதத்தில் அச்சான 1840 ஆம் வருடப் புத்தகம் இன்றும் துவளாமல் நிற்கும்போது 1940 இன் சாணித்தாள் நாவல் பொடிந்துபோவது இதனால்தான். அதனால் பழையது முதலில் என்று வரிசை போடாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காகிதப் பஞ்சத்தில் அச்சானவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கடைசிப் பிரதி யாரிடம்?

பட்டியல் தயாரானதும் மறுபடி உட்காருங்கள். இந்தக் கூட்டத்தில்தான் உண்மையான திட்டம் பிறக்கும். பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருப்பவை, வெளியிலும் எங்கும் காணோம் என்பவை, இவற்றைச் சிவப்பில் குறியுங்கள். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் ‘கடைசிப் பிரதி’. கடைசிப் பிரதி வைத்திருப்பவர் அதை விற்கவோ கழிக்கவோ பைண்டிங்குக்குப் போடவோ மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பதிலுக்கு மற்ற மூவரும் அதைக் காப்பதில் பங்கெடுக்க வேண்டும். இந்த ஒரு ஒப்பந்தம் நின்றால் மற்றவை தானாக நிற்கும்.

மூன்று இடத்தில் இருக்கும் நூலுக்கு எல்லாப் பிரதியையும் பாதுகாக்க வேண்டியதில்லை. எதில் பக்கம் குறையாமல் இருக்கிறதோ அதைப் பெட்டியில் வைத்துவிட்டு மற்றதை வாசகருக்குக் கொடுக்கலாம். ஒன்றில் முன் அட்டை இல்லை, இன்னொன்றில் கடைசிப் பக்கம் இல்லை என்றால் ஸ்கேனில் இரண்டையும் சேர்த்து ஒரு முழு நூல் கிடைத்துவிடும். சேர்ந்து வேலை செய்வதன் ருசி எங்களுக்குத் தெரிந்தது இங்கேதான். இரண்டு ஊர்களில் இரண்டு குறைப்பிரதியாகக் கிடந்த ஒரு கைத்தொழில் நூல், திரையில் அட்டை முதல் விலைப்பட்டியல் வரை முழுசாக வந்து நின்ற மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எதை முதலில் எடுப்பது என்பதில் சண்டை வரும், வரட்டும். எல்லோருக்கும் அழகான பழைய பதிப்பை ஸ்கேன் செய்யத்தான் ஆசை. என் கட்சி வேறு: அச்சானதற்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்க வாய்ப்புண்டு, கையால் எழுதியதற்குக் கிடையாது. சங்கத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கணக்கு, ஏட்டுச்சுவடி, கடிதக் கட்டு, நாடக நோட்டீஸ், இவற்றை முன்னால் வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, கறை படிந்திருக்கும், யாரும் கேட்டும் வரமாட்டார்கள். போனால் போனதுதான்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. கடையில் மறுபடி வாங்க முடிந்தவற்றை வாங்கி அடுக்கிவிடலாம், அந்தச் சுவடிகளை எங்கே போய் வாங்குவது?

பொதுவில் வாங்க வேண்டியவை, உடனே நிறுத்த வேண்டியவை

ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கத் தேவையில்லாத பொருள்கள் நிறைய. ஒரு நல்ல வாக்குவம் கிளீனர், ஒரு டீப் ஃப்ரீசர், ஒரு ஸ்கேனர் அல்லது கேமரா ஸ்டாண்டு, இவை நான்கு இடத்துக்கும் சேர்த்து ஒன்று போதும், முறை வைத்துச் சுற்றிவரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும், சில நூறு ரூபாய்தான். காலையும் மாலையும் நோட்டில் எழுதுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். அப்போது செய்ய வேண்டியது காற்றோட்டம்: பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது, கீழ்த்தட்டைக் காலி செய்வது, மின்விசிறி போடுவது. பகலில் ஏசி ஓட்டி இரவில் அணைப்பது வேண்டவே வேண்டாம், ஏறி இறங்கும் ஈரம் காகிதத்துக்கு இன்னும் கெடுதல்.

ஃப்ரீசர் எதற்கு என்று கேட்பார்கள். புழு துளைத்த புத்தகத்துக்கு மருந்தடிக்காமல் செய்யக்கூடிய வைத்தியம் அது. புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் இறுக ஒட்டி, மைனஸ் 18 அல்லது 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வெளியில் இருக்கட்டும், வேர்வை பையின் மேல் பூக்கும், புத்தகத்தின் மேல் பூக்காது. அப்புறம் பிரித்து, உதிரும் பொடியை மென்தூரிகையால் துடையுங்கள். தோல் அட்டை, புகைப்படம், ஏட்டுச்சுவடி இவற்றை உள்ளே வைக்கும்முன் விவரம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக நன்கொடை வரும் எந்தக் கட்டும் இந்த ஃப்ரீசர் வழியாகத்தான் அலமாரிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம், ஏனென்றால் இன்னொரு வீட்டுப் பரணிலிருந்து வரும் அட்டைப்பெட்டியோடுதான் பெரும்பாலும் பூச்சியும் வருகிறது.

செல்லோடேப், லேமினேஷன், ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர், இந்த ஐந்தையும் பழைய காகிதத்தின் பக்கம் வரவிடாதீர்கள். டேப்பின் பசை பத்து வருடத்தில் பழுப்பாக ஊறி எழுத்தையே மறைக்கும். லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. கிழிந்த பக்கத்தை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஜப்பான் டிஷ்யூ தாளும் கோதுமை மாவுப் பசையும், அதையும் ஒருவர் சரியாகக் கற்றுக்கொண்டு நான்கு இடத்துக்கும் செய்துகொடுக்கட்டும். உடைந்த அட்டையைக் காடாத்துணி நாடாவால் கட்டி வைத்தாலே இப்போதைக்குப் போதும். ஏடுகளுக்கு நம் முன்னோர் வைத்திருந்த வழி இன்றும் நல்ல வழிதான்: தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, அளவான பலகைக்கு நடுவே வைத்துத் துணியில் சுற்றிக் கட்டுவது, பீரோவில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு எல்லாம் முடிந்த சிறு பொட்டலம் வைத்து வாசம் போனதும் மாற்றுவது.

மழைக்காலத்துக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகவே உங்கள் வருடாந்தரக் கூட்டம் செப்டம்பரில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னை, 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டா, 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அப்படி ஒரு மழையில் தரைத்தளத்துப் பீரோவுக்கு எந்தப் பூட்டும் காவல் இல்லை. இனியும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஏற்பாடு, ஒரு தாளில் ஐந்து போன் எண்: நான்கு இடத்துப் பொறுப்பாளர்கள், ஒரு ஐஸ் பிளாண்ட் அல்லது குளிர்பதனக் கிடங்கின் உரிமையாளர். அந்தத் தாள் சுவரில், பர்ஸில், மொபைலில் மூன்றிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்தின் மாற்றுச்சாவி ஒன்று பக்கத்து ஊர்க் கூட்டாளியிடம் இருக்கட்டும். ஐஸ் பிளாண்ட்காரரிடம் முன்கூட்டியே போய், வெள்ளம் வந்தால் நாலு நாள் இத்தனை பெட்டி வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வாங்கி வையுங்கள். மீன் வைக்கும் இடம்தானே என்று தயங்க வேண்டாம், பாலிதீனில் சுற்றிய புத்தகத்துக்கு வாசம் ஏறாது. வெள்ள நாளன்று போய்க் கேட்டால் அவருக்கே ஆயிரம் கவலை இருக்கும்.

நனைந்த புத்தகத்தில் 48 மணி நேரத்துக்குள் பூசணம் ஆரம்பிக்கும். இரண்டு நாளில் நூறு புத்தகம் உலர்த்தலாம், ஆயிரம் முடியாது. உறைய வைத்துவிட்டால் பூசணம் நின்றுவிடும், மை பரவுவதும் நின்றுவிடும், அப்புறம் மாதக்கணக்கில் பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். அதற்குத்தான் ஐஸ் பிளாண்ட்.

தண்ணீருக்குள் இருக்கும் புத்தகத்தை முதுகைப் பிடித்து இழுக்காதீர்கள், ஊறிய அட்டை தனியாக வந்துவிடும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மூடியபடியே தூக்குங்கள். சேறு இருந்தால் மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டே நல்ல தண்ணீர் வாளியில் மெல்ல அலசலாம், கையெழுத்து மை உள்ளதை அலசவே கூடாது. தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட்டில் முதுகு கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக நிறுத்துங்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம், இரண்டு புத்தகத்துக்கு நடுவே ஒரு பாலிதீன் தாள். உடனே உலர்த்தப் போவதை மேசையில் நிறுத்தி, அச்சடிக்காத வெறும் நியூஸ்பிரிண்ட் தாளை இருபது பக்கத்துக்கு ஒன்றாக இடையில் வைத்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். மின்விசிறிக் காற்று புத்தகத்தின் மேல் நேராக அடிக்காமல் அறைக்குள் சுழலட்டும். வெயிலில் மட்டும் போடாதீர்கள், பதறிப்போய் மொட்டைமாடியில் பரப்பியதால் வளைந்து ஒட்டிப் பாழானதை நான் பார்த்திருக்கிறேன். வழவழப்புத் தாளில் அச்சான சிறப்பு மலர்கள் உலர ஆரம்பித்தால் பக்கம் பக்கமாக ஒட்டிச் செங்கல் ஆகிவிடும். அவற்றைத்தான் முதலில் ஐஸ் பிளாண்டுக்கு ஏற்ற வேண்டும்.

பாலிதீன் சுருள், நியூஸ்பிரிண்ட் கட்டு, கையுறை, முகக்கவசம், டார்ச், மார்க்கர், தார்ப்பாய், இவற்றை ஒரு டிரம்மில் போட்டு நான்கு இடத்திலும் வைத்துவிடுங்கள். யாரும் அதிலிருந்து டார்ச்சை எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான்.

ஸ்கேன்

ஸ்கேனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சிவப்புக் குறி உள்ளதை மட்டும் முதலில் எடுங்கள். 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில், டிஃப் (தரம் குறையாத படக் கோப்பு) ஆகச் சேமியுங்கள், படிப்பதற்குத் தனியாகப் பிடிஎஃப். 200 பக்கச் சிறு புத்தகம் ஒன்றே டிஃப்பில் 4.5 ஜிபி வரை போகும், ஆயிரம் புத்தகத்துக்கு ஹார்டு டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். கோப்பின் பெயர் பட்டியல் எண்ணாகவே இருக்கட்டும். ‘புதியது இறுதி 2’ என்று பெயர் வைத்த கோப்புறையை அடுத்த வருடம் வைத்தவராலேயே கண்டுபிடிக்க முடியாது.

மூன்று படி: ஒன்று உரிமையாளரிடம், ஒன்று கூட்டாளி ஊரில், ஒன்று மாவட்டத்துக்கே வெளியே. ஒரே புயல் மூன்றையும் தொடக் கூடாது. ஹார்டு டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் காப்பாற்றியதாக ஆகாது. வருடம் ஒருமுறை போட்டுத் திறந்து பார்க்க வேண்டும், ஐந்து வருடத்துக்குள் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். இந்தச் செலவைப் பங்கு போடுவதிலும் புதிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் 1967 முதல் பணத்தைச் சேர்த்துப் போட்டுத் தெற்காசியப் பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் படச்சுருள் எடுத்து வருகின்றன. அவ்வளவு வசதி உள்ளவர்களே தனித்தனியாகச் செய்ய முடியாது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

உரிமைச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பொதுவுடைமை: 1964 இல் மறைந்தவர் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் யாருக்கும் திறந்தது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களையும் தாராளமாக வெளியிடலாம். உரிமை இன்னும் இருக்கும் நூலாக இருந்தாலும், லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப்பிரதி இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு அனுமதிக்கிறது. சேமிப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. வீட்டுச் சேகரிப்புக்கு இந்தச் சலுகை பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்

வாய்ப்பேச்சாக ஒரு வருடம் நடந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமை யாருக்கு, பட்டியலை யார் பார்த்துக்கொள்வது, பொதுப் பொருள் கெட்டால் யார் சரிசெய்வது, ஆளுக்கு மாதம் எவ்வளவு, ஸ்கேனை யாருக்கெல்லாம் காட்டலாம். எழுதக் கூச்சப்பட்டாலும் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: நம்மில் ஓர் இடம் மூடப்பட்டால், பொறுப்பாளர் காலமானால், புத்தகங்கள் யாரிடம் போக வேண்டும்? பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், வீட்டை விற்க வேண்டியிருக்கும், பழைய பேப்பர்க் கடைக்காரர் தராசோடு வாசலில் நிற்பார். நாற்பது வருடச் சேகரிப்பு ஒரே மதியத்தில் எடைக்குப் போவதற்கு அதுவே போதும். அந்த வீட்டில் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்டு, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

புதிதாகச் சேர விரும்புகிறவரிடம் பணம் கேட்காதீர்கள், பட்டியல் கேளுங்கள். ஐம்பது புத்தகம் இருந்தாலும் சரி. காலி வரி என்று முன்னால் சொன்னேனே, பள்ளிக்கூடத்துப் பீரோவில் தப்பிய அந்த வருடத் தொகுப்பில் ஆகஸ்ட் இதழ் இல்லை, பட்டியலில் அந்தக் கட்டம் மூன்று வருடம் காலியாகவே இருந்தது. போன செப்டம்பர்க் கூட்டத்துக்கு முதல்முறையாக வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த முப்பத்தெட்டுப் புத்தகங்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இருபத்திரண்டாவது வரியில் அது இருந்தது. முதுகில் ஒரு ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தது, அட்டையில் சந்தாதாரர் முகவரிச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. இதழ் இப்போது இரண்டு வாரமாக ஃப்ரீசரில் இருக்கிறது, திங்கட்கிழமை வெளியே எடுக்கிறோம்.